சம்பந்தியின் ஜிக்

அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஓனா என்று ஒரு ஃபிடில் ஆசிரியை இருந்தாள். ஃபிடில் வேறொன்றுமில்லை, நம்ம வயலின்தான். வாசிக்கிற தினுசு வேறு. அவளிடம் பாடம் கேட்டவர்களில் ஒருவர் திருவாரூர் சபாபதி. மகளோடு இருக்கலாமென்று வந்து, வந்த இடத்தில் சிஷ்யரானவர். குருவுக்குக் கிட்டத்தட்ட அவர் மகள் வயசு. அதைப் பற்றி இரண்டு பேருமே அலட்டிக்கொள்ளவில்லை.

சபாபதி ஊரில் முறையாகக் கர்நாடக சங்கீதம் கற்றவர். கையில் ஞானம் இருந்தது. தலையில் கொஞ்சம் கனமும் இருந்தது. அதையும் சொல்லித்தானே ஆகணும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"வாங்க சபாபதி. கல்யாண வேலை எப்படிப் போகுது?"

"சம்பந்தி வாசிக்க மாட்டேங்கிறார், டீச்சர்."

விஷயம் இதுதான். அவர் மகள் அபிராமிக்கும் அந்த ஊர்ப் பையன் டேராவுக்கும் வருகிற சனிக்கிழமை கல்யாணம். டேராவின் அப்பா ப்ரெண்டனும் ஃபிடில் வாசிப்பவர். பெண்ணைப் பெற்றவரும் பிள்ளையைப் பெற்றவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ஜிக் வாசிக்கணும் என்று அபிராமிக்கு ஆசை. ஜிக் என்றால் துள்ளிக்கொண்டு ஓடும் ஆட்டப் பாட்டு. வேறு எதுவுமே அவள் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்கு உட்கார்ந்தார்கள். வினையும் கூடவே வந்து உட்கார்ந்தது.

"நீங்க சொல்லிக் கொடுத்த 'ஈரச் சாலை'யை வாசிச்சேன். அவரும் அதைத்தான் எடுத்தார். பாதி வரைக்கும் நம்ம பாட்டு மாதிரியே போகுது, அப்புறம் எங்கேயோ திரும்பிடுது. கேட்டா, அது பேரு 'பாதிரியார் கழுதை'யாம். அவங்க அப்பா வாசிச்சதாம்."

"ஆமா. அவங்க குடும்பத்துல அப்படித்தான்."

"கெர்ரிப் பக்கம் இன்னொண்ணு இருக்காமே, வேற பேர்ல?"

"அதுவும் உண்டு. அதுவும் நல்லாத்தான் இருக்கும். நீங்க ப்ரெண்டன்கிட்ட என்ன சொன்னீங்க?"

சபாபதி ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"பாடம் தப்புன்னு சொல்லிட்டேன்."

ஓனா எழுந்து போய் டீக்குத் தண்ணீர் வைத்தாள்.

"உடனே அவர் ஃபிடிலைப் பெட்டியில வச்சு மூடிட்டார். கல்யாணத்துக்கு வருவேன், வாசிக்க மாட்டேன்னு மகன்கிட்ட சொல்லி அனுப்பியிருக்கார். அபிராமி எனக்கு முகம் கொடுத்தே பேச மாட்டேங்குறா."

பெற்ற மனசு அடித்துக்கொண்டது. அப்படியும் கேள்வியை விட்டாரா என்றால், இல்லை.

"எங்க சங்கீதத்துல தாய் ராகம்னு உண்டு. மத்த ராகமெல்லாம் அதுலேர்ந்து பிறந்தது. இந்த மூணு பாட்டுல எது தாய்? நீங்க சொல்லிட்டா அவரும் ஒத்துப்பார்."

"அவர் பாட்டை முழுசாக் கேட்டீங்களா?"

"எங்கே? பாதியிலேயே நிறுத்திட்டேன்."

"சரி, உங்க பாட்டை வாசிங்க. அதையாவது முழுசாக் கேட்போம்."

சபாபதி வாசித்தார். மனசு சரியில்லாவிட்டாலும் கை நன்றாகவே ஓடியது. இரண்டாவது சுற்றில் ஓனா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இந்த இடத்துல ஒரு ஸ்வரத்தை அப்படியே வழுக்கிக்கிட்டு மேலே போறீங்களே, அது நான் சொல்லிக் கொடுத்ததா?"

அவர் திரும்ப வாசித்துப் பார்த்தார். விரல் தானாக வழுக்கியது. ஊரில் சின்ன வயசிலிருந்து பழகிய கமகம், கேட்காமல் கொள்ளாமல் ஜிக்குக்குள் வந்து குடியேறியிருந்தது. அவர் முகம் செத்துவிட்டது.

"பழக்கதோஷம், டீச்சர். தப்புதான். அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? திருத்தியிருப்பேனே."

ஓனா தன் ஃபிடிலை எடுத்து அதே பாட்டை வாசித்தாள். அந்த இடம் வந்தது. அவள் விரலும் வழுக்கிக்கொண்டு மேலே போனது.



"நீங்க ஏன் டீச்சர் அதை வாசிக்கிறீங்க?"

"நீங்க சேர்ந்த குளிர்காலத்துலேர்ந்து எனக்கு இப்படித்தான் வருது. என்கிட்ட படிக்கிற பிள்ளைங்களும் இப்படித்தான் வாசிக்குதுங்க."

சபாபதி இன்னொரு தடவை அந்த இடத்தை வாசித்துப் பார்த்தார். டீ ஆறிப்போனது. பிறகு ஃபிடிலைப் பெட்டியில் வைத்தார், கோட்டை மாட்டிக்கொண்டார்.

"எங்கே கிளம்பிட்டீங்க?"

"ப்ரெண்டன் வீட்டுக்கு. கழுதையைச் சொல்லிக் கொடுங்கன்னு கேட்கப் போறேன்."

வாசல் வரைக்கும் போனவர் நின்றார். மனசு கேட்கவில்லை.

"அவர் பாட்டும் கையில ஏறிடுச்சுன்னா, நீங்க கொடுத்த பாடம் கெட்டுப் போயிடாதா, டீச்சர்?"

ஓனா அவருடைய மஃப்ளரை எடுத்துக்கொண்டு வந்து கழுத்தில் சுற்றிவிட்டாள்.

"நீங்க வந்தப்பவே அது கெட்டுப் போச்சு, சபாபதி. அதுக்கப்புறம்தான் எனக்கு அதை இவ்வளவு பிடிக்குது."