வராத புகார்

ஒழுங்காக வேலை செய்யும்போது அதை யாரும் பார்ப்பதில்லை. அது நின்றுவிட்டால் யாராலும் எதையும் பார்க்க முடிவதில்லை. அது என்ன, சொல்லுங்கள் பார்க்கலாம்!

கணினித் திரையில் எழுத்தையும் படத்தையும் காட்டும் டிரைவர்தான் அது. இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் இருக்கும் ஒரு நிரல்.

ஆலங்கரைப் பள்ளியின் பழைய கணினிகளுக்கு இயங்குதளம் கொடுத்த நிறுவனத்திலிருந்து தலைமைப் பொறியாளர் சடகோபன் வந்திருந்தார்.

"இந்தப் பழைய கணினிகளுக்கான டிரைவரை இனி நீக்கிவிடுவோம். இங்கே போட்ட சோதனைப் பதிப்பில் நீக்கியே பார்த்தோம். ஒரு புகார்கூட வரவில்லை" என்றார்.

"அதைப் போட்டதிலிருந்து எங்களுக்குக் கணினி வகுப்பே இல்லை, சார்" என்றாள் ஏழாம் வகுப்பு மங்கையர்க்கரசி.

"வாயால் சொன்னால் ஆகாது. கணினியிலேயே புகார்ப் பக்கம் இருக்கிறது. அதில் எழுதி அனுப்பு."

"எப்படி என்று ஒருமுறை காட்டுங்கள், சார்."

சடகோபன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கணினியின் சுவிட்சைப் போட்டார். உள்ளே விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது.

"என்னம்மா இது, ஒன்றுமே தெரியவில்லையே!"

"அதேதான் சார் எங்கள் புகாரும்."

வகுப்பே சிரித்தது.

"கெட்டிக்காரிதான்" என்றார் சடகோபன். "உனக்கே உனக்கென்று ஒரு புதுக் கணினி தரட்டுமா, இல்லை டிரைவர் இருக்கட்டுமா? ஒன்றைச் சொல்."

மங்கையர்க்கரசி, டிரைவர் இருக்கட்டும், வகுப்பில் எல்லோருக்கும் திரை தெரியும் என்றாள்.