கருப்புச் சேலை

கோவையில் மில்களுக்குக் கடன் கொடுக்கும் கம்பெனி. தெய்வானைக்கு அங்கே முதல் நாள். எதிரே மேனேஜர் சபாபதி; பக்கத்தில் காபியோடு ஒரு நூல் மில் முதலாளி.

"இவர் மில்லு மூணு ஷிப்டும் ஓடுது. சுத்திப் பாத்துட்டு வந்து கடன் பேப்பர்ல கையெழுத்துப் போடு. யாரையும் கேள்வி கேக்காதே, கணக்கைத் தொடாதே. கையெழுத்து இல்லேன்னா வேலையும் இல்லை" என்றார் சபாபதி.

போனாள். ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு வந்து நின்றாள்.

"மெஷின் ஓடுதில்ல?"

"ஓடுதுங்க சார். பஞ்சுதான் இல்லீங்க."

"யாரைக் கேட்டே?"

"யாரையும் கேக்கலீங்க. என் கருப்புச் சேலையைப் பாருங்க. எங்கம்மா இருபது வருசம் மில்லுலருந்து தலையெல்லாம் பஞ்சோடதான் வீட்டுக்கு வந்தாங்க."

சேலையில் ஒரு பிசிறுகூட இல்லை. முதலாளி இரண்டாவது காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். சபாபதி அந்தக் கடன் பேப்பரைக் கிழித்துப் போட்டார்.

அன்றிலிருந்து தெய்வானை கையெழுத்தில்லாமல் அங்கே ஒரு கடனும் நகர்ந்ததில்லை.