சடைச்சி வரைந்த பள்ளம்

கோடைத் தீ எரிந்து அணைந்த ஒரு காட்டில், எங்கு பார்த்தாலும் கரித்துண்டுகள் கிடந்தன. வெளுத்த பாறைகளும் நிறைய இருந்தன. கரியும் பாறையும் கிடைத்தால் கை சும்மா இருக்குமா? அந்தக் காட்டு மிருகங்கள் படம் வரையத் தொடங்கிவிட்டன.

அதில் பெரிய பெயர் எடுத்தது மந்தி. மரம் தாவுகிற வேகத்திலேயே அது படமும் போடும். பாறையில் கரி நாலு முறை உரசுகிற சத்தம் கேட்கும். திரும்பிப் பார்த்தால் யானை நிற்கும். எல்லா மிருகங்களும் வாயைப் பிளந்து பார்த்தன.

சடைச்சி என்ற கரடிக்கும் ஆசை வந்தது. அதற்கு மிகவும் பிடித்த விளாம்பழத்தை வரைந்தது.

மந்தி வந்து பார்த்து, இது நிலாவா என்று கேட்டது. புள்ளிமானுக்கு அது குளமாகத் தெரிந்தது.

சடைச்சிக்குக் கோபம் வரவில்லை. தானும் தள்ளி நின்று பார்த்தது. அவை சொன்னது சரிதான். கையில் எடுத்தால் உருண்டையாக இருக்கிற பழம், பாறையில் வெறும் வட்டமாகப் படுத்துக் கிடந்தது.

எங்கே தவறு என்று தெரியாமல் சடைச்சிக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. விடிந்ததும் ஒரு விளாம்பழத்தைக் கல்லின் மேல் வைத்து, அதன் எதிரில் உட்கார்ந்துகொண்டது. கரியைத் தொடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தது.

சூரியனைப் பார்த்த பக்கம் பழம் வெளுத்திருந்தது. மறுபக்கம் இருண்டிருந்தது. சடைச்சி உடனே போய்ப் பாறையில் பாதி வட்டத்தைக் கறுப்பாக்கியது. அது பாதி வெந்த பழம் போல் ஆயிற்று.

மறுபடியும் வந்து உட்கார்ந்தது. இந்த முறை, வெளிச்சம் எந்த இடத்தில் முடிகிறது, இருட்டு எந்த இடத்தில் தொடங்குகிறது என்று தேடியது. அப்படி ஓர் இடமே இல்லை! வெளுப்பு கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, மங்கல் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்தது. கரியை அழுத்தாமல் தடவி, உள்ளங்கையால் தேய்த்தால் அந்த மங்கல் வரும் என்று கண்டுபிடித்தபோது, சடைச்சியின் கையெல்லாம் கரி, மூக்கெல்லாம் கரி.

ஆனாலும் பழம் அடிபட்டது போலவே இருந்தது. ஏன் என்று யோசித்துப் பார்த்தது. காலையில் பார்த்த நிழலை ஒரு பக்கமும், மாலையில் பார்த்த நிழலை இன்னொரு பக்கமும் போட்டிருந்தது. வானத்தில் இரண்டு சூரியன் இருந்தால்தான் அப்படி ஒரு பழம் இருக்க முடியும். ஈரப் புல்லால் பாறையைத் துடைத்துவிட்டு, காலை வெளிச்சத்தை மட்டும் வைத்துத் திரும்ப வரைந்தது. பழத்தின் அடியில், கல்லின் மேல் விழுந்த நிழலையும் சேர்த்தது. அந்த நிழல் விழுந்ததும் பழம் பாறையை விட்டு எழுந்து உட்கார்ந்தது.

"ஒரு பழத்துக்கு இத்தனை பாடா?" என்றது மந்தி. "நான் பழத்தைப் பார்க்காமலேயே வரைவேன். எனக்குத்தான் பழம் எப்படி இருக்கும் என்று தெரியுமே."

"எனக்கும் தெரியும் என்றுதான் நினைத்தேன்," என்றது சடைச்சி.

இந்தச் சமயத்தில்தான் காட்டுக்கு ஆபத்து வந்தது.

அந்தக் காட்டுக்குள் வர, ஆற்றுப் பக்கமாக ஒரே ஒரு வழி இருந்தது. அது மலையை ஒட்டிய ஒரு பாறைத் தட்டு. இடப்பக்கம் செங்குத்தான மலை; வலப்பக்கம் தலை சுற்றும் சரிவு. முன்பெல்லாம் அந்தத் தட்டை முள்புதர் அடைத்திருந்தது. தீயில் புதர் எரிந்துபோனதால் வழி திறந்துவிட்டது. அடுத்த காட்டுச் செந்நாய்கள் அதைக் கண்டுகொண்டன.

மழை பெய்து புதர் மறுபடி முளைக்கும்வரை அவற்றை எப்படித் தடுப்பது? மந்தி முன்னால் வந்தது. தட்டின் ஓரத்து மலைச்சுவரில் பெரிய புலி ஒன்றை வரைந்தது. மீசை, கோடுகள், பல் எல்லாம் சரியாக இருந்தன. செந்நாய்கள் காலை வெயிலில் வந்தன, புலியை ஒருமுறை பார்த்தன, அதைத் தாண்டி நடந்தன. அன்று புள்ளிமானின் இரண்டு குட்டிகளில் ஒன்று திரும்பி வரவில்லை.

மந்தி மரத்தின் உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டது.

சடைச்சி மலையின் மறுபக்கம் போயிற்று. அங்கே பாறை பிளந்த ஒரு பள்ளம் உண்டு. செந்நாய்கள் வரும் அதே காலை நேரத்தில், செந்நாயின் உயரத்துக்குத் தலையைத் தாழ்த்திக்கொண்டு அது அந்தப் பள்ளத்தைப் பார்த்தது. சூரியனுக்கு எதிரே இருந்த சுவரின் மேல்பகுதியில் வெயில் அடித்தது. கீழே போகப்போக மங்கியது. அடியில் ஒன்றுமே தெரியவில்லை. விளிம்பில் கிடந்த சிறு கல்கூடத் தன் நிழலைக் கூடவே வைத்திருந்தது. எல்லாவற்றையும் மனதில் ஏற்றிக்கொண்டு பாறைத் தட்டுக்கு வந்து, அதன் தரையில் வரையக் கரியை எடுத்தது.

அடுத்த நாளும் சடைச்சி அங்கேயே இருந்தது. வரையும், போய்த் தள்ளி நின்று பார்க்கும், துடைக்கும், திரும்ப வரையும். மந்தி இறங்கி வந்து கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு, சுற்றிலும் ஒரு கோடு போட்டால்தானே பள்ளம் என்று தெரியும், நான் போட்டுத் தரட்டுமா என்று மெல்லக் கேட்டது.

"பள்ளத்துக்குக் கோடு கிடையாது," என்றது சடைச்சி. "வெளிச்சம் போதும் என்று நிற்கிற இடம்தான் அதன் விளிம்பு. நீ கரி பொறுக்கிக் கொடு. நிறைய வேண்டும்."

மந்தி ஓடி ஓடிக் கரி பொறுக்கியது.

அதற்கு மறுநாள் காலை செந்நாய்கள் மறுபடி வந்தன. சடைச்சியும் மந்தியும் மேலே ஒரு பாறைக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டன.

முன்னால் வந்த தலைவன் வளைவில் திரும்பியதும் சட்டென்று நின்றது. பின்னால் வந்தவை அதன் மேல் இடித்துக்கொண்டன. தட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை பாறை பிளந்து கிடந்தது. அன்று சூரியனும் சரியான இடத்தில் இருந்தது. தட்டில் கிடந்த உண்மைக் கற்களின் நிழலும், சடைச்சி வரைந்த கற்களின் நிழலும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன.

தலைவன் கழுத்தை நீட்டி மோப்பம் பிடித்தது. மூக்குக்குப் பாறை வாசனைதான் வந்தது. கண்ணுக்கோ ஆழம் தெரிந்தது. கால்கள் கண்ணைத்தான் நம்பின.

"முன்பு இங்கே பள்ளம் இல்லையே," என்றது தலைவன்.

தீயில் வெந்த பாறை இப்போது பிளந்திருக்கும் என்றது ஒன்று. தாண்டிப் பார்க்கலாமே என்றது இன்னொன்று.

"சரி, நீ தாண்டு," என்றது தலைவன்.

சொன்ன செந்நாய் விளிம்புவரை வந்தது. உள்ளே எட்டிப் பார்த்தது. வாலை இடுக்கிக்கொண்டு பின்வாங்கியது.

மேலே சடைச்சி வானத்தைப் பார்த்தது. சூரியன் ஏறிக்கொண்டிருந்தது. உண்மை நிழல்கள் சுருங்கத் தொடங்கிவிட்டன. கரி நிழல்கள் சுருங்காது. இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் தலைவனுக்கு வித்தியாசம் தெரிந்துவிடும்.

தலைவன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தது. அவற்றில் ஒன்றுகூட அதன் கண்ணைப் பார்க்கவில்லை. அது ஒரு பெருமூச்சு விட்டு, வந்த வழியே திரும்பி நடந்தது. மற்றவை அதற்கு முன்னால் ஓடின. அந்தக் கோடையில் அவை பிறகு வரவேயில்லை.

செய்தி பரவியதும் மிருகங்கள் எல்லாம் அந்தப் பள்ளத்தைப் பார்க்க வந்தன. படம் என்று தெரிந்தும் யாரும் கிட்டே போகவில்லை. புள்ளிமான் மிச்சமிருந்த ஒரு குட்டியைத் தன் காலுக்குள் இழுத்துக்கொண்டு தூரத்திலேயே நின்றது. மந்தி ஒரு காலை நீட்டிப் பார்த்து, மடக்கிக்கொண்டது.

"பயப்படாதீர்கள், வெறும் கரிதான்," என்று சிரித்தபடி சடைச்சி முன்னால் நடந்தது.

விளிம்புக்கு வந்ததும் அதன் முன்னங்கால் தூக்கியபடியே நின்றுவிட்டது. தான் வரைந்த ஆழத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டு, காலை இறக்க மனம் வராமல், சடைச்சி அப்படியே நின்றது.

நீதி: தெரியும் என்று நினைத்து வரைகிற கையைவிட, பொறுமையாகப் பார்த்து வரைகிற கைக்கே வல்லமை அதிகம்.