வழியனுப்பும் சொல்

மனநலப் பிரிவில் டாக்டர் ஹமீதாவிடம் வேலை கற்றுக்கொள்ள வந்தவர் செவிலியர் செல்வகனி. வயதில் செல்வகனிதான் மூத்தவர். கற்றுக்கொள்ள அது தடையாக இல்லை. வாய்தான் கொஞ்சம் நீளம்.

ஒருநாள் கேட்டார். "டாக்டர், சாகத் துணிஞ்சவங்களைப் பொழைக்க வச்சு அனுப்புறோம். வீட்டுக்குப் போன பிறகு அவங்களை எப்படிக் காப்பாத்துறது?"

"போன வாரம் ஆதிலிங்கம் வீட்டுக்குப் போனாரே. என்ன சொல்லி அனுப்பினீங்க?"

"இனிமே இந்தப் படி ஏறவே கூடாதுன்னு கண்டிச்சு அனுப்பினேன். ஆஸ்பத்திரியில யாராவது 'போயிட்டு வாங்க'ன்னு சொல்லுவாங்களா?"

டாக்டர் ஆதிலிங்கத்துக்குப் போன் போட்டார். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடியும் போட்டார். அப்போதும் எடுக்கவில்லை. டாக்டர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"வாங்க, போவோம்."

ஆட்டோவில் செல்வகனி வாயே திறக்கவில்லை. அவருக்கு அது பெரிய விஷயம்.

ஆதிலிங்கம் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். மனைவி இறந்தபின் அந்த வீட்டில் அவர் மட்டும்தான். செல்வகனிக்கு அப்போதுதான் உயிர் வந்தது. டாக்டர் ஆதிலிங்கத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, திரும்பவும் சாகணும்னு தோணுதா?"

செல்வகனிக்குப் பகீரென்றது. இதைப் போய் முகத்துக்கு நேராகக் கேட்பார்களா?

ஆதிலிங்கம் பெருமூச்சு விட்டார். யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் இருந்திருக்கிறார்.

"தோணுதும்மா. நேத்து ரொம்ப. பஸ் ஏறி ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் வந்துட்டேன்."

"உள்ள வரலியே?"

"படி ஏறக் கூடாதுன்னு சிஸ்டர் சொல்லியிருந்தாங்க. அக்கறையாச் சொன்னது. அதை மீறலாமா? அங்க மாத்திரை குடுக்கும்போது பேர் சொல்லிக் கூப்பிடுவீங்க. அதுக்குத்தான் மனசு ஏங்குது. இங்க கூப்பிட ஆளில்ல."

செல்வகனிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"ஆதிலிங்கம் அண்ணாச்சி, எந்திரிங்க," என்றார்.

மூவரும் அதே ஆட்டோவில் திரும்பினார்கள். படியில் செல்வகனி அவர் கையைப் பிடித்து ஏற்றினார். அவரைச் சாப்பிட வைத்து, கட்டிலில் படுக்க வைத்து, தூங்கும்வரை பக்கத்திலேயே இருந்தார். பிறகு டாக்டரிடம் வந்தார்.

"இனிமே கிளம்புறவங்ககிட்ட நான் என்ன சொல்லட்டும், டாக்டர்?"

"உங்க வீட்ல இருந்து யாராவது கிளம்பினா என்ன சொல்வீங்க?"