பிரித்துக் கட்டிய சரம்

அந்தக் காலத்தில், பூச்சியும் குரங்கும் ஒரே பேச்சுப் பேசிய காலத்தில், ஒவ்வொரு உயிரின் உடம்புக்குள்ளும் ஒரு பூச்சரம் இருந்தது. அதில் இரண்டு நார். இரண்டிலும் வரிசையாகப் பூ. நாலே வகைப் பூதான். மல்லிக்கு எதிரே கனகாம்பரம், முல்லைக்கு எதிரே மரிக்கொழுந்து. இந்த ஜோடி மாறவே மாறாது. எந்தப் பூவுக்கு அடுத்து எந்தப் பூ என்கிற வரிசைதான் கண் எப்படி, காது எப்படி, வால் எவ்வளவு நீளம் என்பதையெல்லாம் சொல்லும்.

பிள்ளை பிறந்தால் அதற்கும் ஒரு சரம் வேண்டும். சரம் இல்லாத பிள்ளை மூச்சு விடாது. சரம் கட்டத் தெரிந்தவர்கள் முசுறுகள் மட்டும்தான். மாமரத்தில் இலையோடு இலை சேர்த்துத் தைத்துக் கூடு கட்டுகிற சிவப்பு எறும்புகள் அவர்கள். தாய் தன் சரத்தை வெளியே எடுத்துக் கிளையில் வைப்பாள். ஒரு முசுறு ஒரு முனையிலிருந்து பார்த்துப் பார்த்துப் புதுச் சரம் கட்டுவாள். வெளியே எடுத்த சரம் பொழுது சாயும்வரைதான் வாடாது. அதற்குள் தாய் திரும்ப உள்ளே வைத்துக்கொள்ளவில்லை என்றால் அவளும் இருக்க மாட்டாள். அதனால் தினம் கொஞ்சமாகக் கட்டி, முடிய ஏழு நாள் ஆகும்.

ஒரு நாள் காலையில் வெள்ளச்சி என்ற தேவாங்கு நிறைவயிறோடு வந்து நின்றாள். போன மழைக்கு ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவள். அதற்குச் சரம் கட்டி முடிவதற்குள் அது பிறந்துவிட்டது.

"வலி எப்பலேருந்து?" என்று கேட்டாள் மூக்காயி. அவள்தான் முசுறுகளுக்குத் தலைவி.

"விடியறதுக்கு முன்னாடிலேருந்துக்கா."

"வலி வந்தப்புறமா வந்து நிக்கிற? முன்னாடியே வர்றதுக்கென்ன?"

வெள்ளச்சி கிளையைப் பார்த்தபடி சொன்னாள். "போன தடவையே உங்களுக்கு அவ்வளவு சிரமம். மறுபடி வந்து கேக்கக் கூச்சமா இருந்துச்சு."

"நல்லா கூச்சப்பட்ட, போ. ஏழு நாள் வேலையை ஒரு பகல்ல எவ கட்டுவா?"

 வெள்ளச்சி மெல்லக் கேட்டாள். "மல்லிக்கு எதிர்ல எப்பவும் கனகாம்பரம்தானேக்கா வரும்?"

"அதுக்கென்ன?"

"அப்போ ஒரு பக்கம் இருந்தா மறுபக்கம் தெரிஞ்சிடும்ல. நடுவுல பிரிச்சிட்டு, ரெண்டு பாதிக்கும் எதிர்ப்பூ வச்சுக் கட்டினா ரெண்டு சரம். முனையிலேருந்துதான் கட்டணும்னும் இல்ல. எல்லாரும் அங்கங்க உக்காந்து கட்டலாமே."

முசுறுகள் எல்லாரும் கட்டுவதை நிறுத்தினார்கள். உயிரோடு இருப்பவளின் சரத்தைப் பிரிக்கிற வழக்கமே கிடையாது. பொழுதுக்குள் கட்டி முடியாவிட்டால் தாயும் போவாள், பிள்ளையும் போகும்.

"என் கையால பிரிக்க மாட்டேன் தாயி," என்றாள் மூக்காயி.

"நானே பிரிக்கிறேன்."

வெள்ளச்சி தன் சரத்தை எடுத்து, தலைப்பில் இரண்டு நாரையும் விரலால் பிடித்து இழுத்தாள். காம்பு காம்பாக விட்டுக்கொண்டே போனது. கடைசிப் பூ பிரிந்ததும் கால் துவண்டு கிளையில் படுத்துவிட்டாள்.

"நின்னு பாத்தது போதும். உக்காருங்கடி," என்றாள் மூக்காயி.

நூறு முசுறுகள் நூறு இடத்தில் உட்கார்ந்தார்கள். கனகாம்பரத்தைப் பார்த்தவள் மல்லியை வைத்தாள். மரிக்கொழுந்தைப் பார்த்தவள் முல்லையை வைத்தாள். பொழுது இறங்க இறங்க வெள்ளச்சியின் உடம்பு சில்லிட்டது. வெளிச்சம் மங்குகிற நேரத்தில், ஒருத்தி மல்லி வைக்க வேண்டிய இடத்தில் முல்லையை வைத்துவிட்டாள். இரண்டும் வெள்ளை மொட்டு. யார் கண்ணிலும் படவில்லை.

சூரியன் விழுவதற்குள் இரண்டு சரம் ஆகிவிட்டது. ஒன்று தாய்க்கு, ஒன்று பிள்ளைக்கு. வெள்ளச்சி தன்னுடையதை உள்ளே வைத்துக்கொண்டாள்; பிள்ளை பிறந்து மூச்சு விட்டது.

ஆனால் அதற்கு வால் முளைக்கவில்லை. அப்போது தேவாங்குகளுக்கும் வால் உண்டு. குரங்குகளோடு ஒரே மரத்தில்தான் குடியிருந்தார்கள்.

"ஏண்டி வெள்ளச்சி, வாலை எந்தக் கிளையில மறந்துட்டு வந்தே?" என்று கேட்டுச் சிரித்த பெரிய மந்தி, நாள் போகப் போகச் சிரிப்பதை விட்டுவிட்டது. "இது எங்கேயோ மாறி வந்த பிள்ளை. நம்ம சனமே இல்ல. இதை இறக்கி விடு, இல்ல நீயும் சேந்து இறங்கு."

மரத்தின் கீழே சிறுத்தை நடமாட்டம் இருந்தது.

வெள்ளச்சி மூக்காயியைக் கூப்பிட்டாள். தாயின் சரத்தையும் பிள்ளையின் சரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். மூக்காயி ஒவ்வொரு பூவாகப் படித்தாள். "மல்லி, இதுலயும் மல்லி. மரிக்கொழுந்து, இதுலயும் மரிக்கொழுந்து." உச்சி வெயில் தாண்டியது. ஓரிடத்தில் நின்றாள். "இதுல மல்லி. இதுல முல்லை." கடைசிவரை படித்தாள். வேறெங்கும் மாறவில்லை.

"இத்தனை பூவும் ஒண்ணா இருக்கிறது தாய்க்கும் பிள்ளைக்கும்தான். அந்த ஒண்ணு எங்க கைப்பிழை," என்றாள்.

"அப்போ அந்த ஒண்ணைப் பிரிச்சு மாத்திக் கட்டு," என்றது மந்தி.

வெள்ளச்சி முதல் தடவையாக மந்தியை நேராகப் பார்த்தாள். "வேண்டாம். எம்பிள்ளை சரத்துல யாரும் கை வைக்க வேண்டாம். வால் இல்லாமலே ஏறப் பழகிக்கும்." பிறகு மூக்காயியிடம் கேட்டாள். "இதுல என் பழைய சரம் எது அக்கா?"

"ரெண்டுலயும் ஒரு நார் பழசு, ஒரு நார் புதுசு. பாதி உன்கிட்ட இருக்கு, பாதி அதுகிட்ட."

 வெள்ளச்சி பிள்ளையின் சரத்தை முதலில் உள்ளே வைத்தாள். பிறகு தன்னுடையதை. மந்தி கிளையில் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டது.

அன்று தொடங்கியதுதான், உடம்பில் எங்கே புது உயிரணு உண்டானாலும் சரம் நடுவில் பிரிந்து, பழைய நாருக்கு எதிரே புது நார் கட்டிக்கொள்வதும், எப்போதாவது ஒரு பூ மாறிப்போவதும். பரிசோதனைக் கூடத்தில் இருப்பவர்கள் அந்தச் சரத்தை டி.என்.ஏ. என்று சொல்கிறார்கள். அந்தப் பிள்ளையின் வழியில் வந்த வாலில்லாத தேவாங்கின் சரத்தையும் வாலுள்ள குரங்கின் சரத்தையும் பக்கத்தில் வைத்துப் படித்து, இவர்கள் சொந்தக்காரர்கள் என்று இன்றைக்கும் அவர்கள் சொல்ல முடிவது அதனால்தான்.