திராட்சைப் பந்தலும் மஞ்சத் தண்ணியும்

கம்பத்துப் பக்கம் சுருளிச்சாமின்னு ஒருத்தர் இருந்தாரு. சாமியாருன்னதும் தாடி, சடைமுடின்னு நெனைச்சுக்கிறாதீங்க. மொழுமொழுன்னு இருப்பாரு. ஒருக்கா கல்யாண வீட்டுல சமையக்காரருன்னு நெனைச்சு கையில கரண்டியக் குடுத்துப்பிட்டாக. அவரும் பேசாம சாம்பாரக் கிண்டிக் குடுத்துட்டுத்தான் வந்தாரு. அது கெடக்கட்டும்.

அவருக்கு ஒச்சப்பன்னு ஒரு சீடன். திராட்சைப் பந்தலுக்குக் கீழ நின்னு பூச்சி மருந்தடிக்கிறது தொழிலு. சட்டை போட மாட்டான். கேட்டா "வேகுது"ம்பான். அவன் மச்சினன் இருக்கானே, அடைச்ச மருந்துக் குழாய வாய வச்சு ஊதிப்பிட்டு மூணு நாள் ஆஸ்பத்திரியில கெடந்தான். இன்னைக்கும் வெயிலு பட்டுருச்சுன்னே சொல்லிக்கிட்டுத் திரியுறான்!

ஒச்சப்பனுக்குப் பயம் வந்திருச்சு. நேரா சாமிகிட்டப் போய் நின்னான்.

"சாமி, மருந்து என் மேல ஒட்டாம ஒரு தாயத்துக் கட்டுங்க. ஏழு மாசப் பிள்ளை வச்சிருக்கேன்."

"எங்கெங்க ஒட்டுது?"

"கையில கொஞ்சம். வேட்டியில தொடைச்சுக்குவேன்."

"நாளைக்கு டேங்க நல்லாக் கழுவிட்டு, மருந்துக்குப் பதிலா மஞ்சத் தண்ணிய ஊத்தி அடி. எப்பயும் போல வீட்டுக்குப் போ."

அப்படியே செஞ்சான். வீட்டுக்கு வந்து தொட்டிலையும் ஆட்டுனான்.

சாயங்காலம் சாமி ஒரு பையோடயும் சொம்போடயும் வந்தாரு. சொம்புல தெளிஞ்ச சுண்ணாம்புத் தண்ணி. ஆரத்திக்குக் கலக்குவோம்ல, மஞ்சள்ல சுண்ணாம்பு பட்டா செவந்துரும்ல, அந்தத் தண்ணிதான்.

துணிய நனைச்சு ஒச்சப்பன் தோள்ல ஒத்துனாரு. செவப்பு. முதுகுல, செவப்பு. காதுக்குப் பின்னால, கழுத்து மடிப்புல, தொப்புளைச் சுத்தி...

பொண்டாட்டி மாயக்கா வாயப் பொத்திக்கிட்டா. "ஆத்தாடி! அம்மன் செலையாட்டம் செவந்து நிக்கிறீகளே!"

"இம்புட்டுமா சாமி? எனக்கு ஒண்ணுமே தெரியலையே!"

சாமி தொட்டில்ல இருந்த பிள்ளையத் தூக்கி மாயக்கா கையில குடுத்தாரு. பழுப்பேறுன வேட்டியில கட்டுன தொட்டில். அதுல தண்ணியத் தெளிச்சாரு.

அஞ்சு வெரலும் செவசெவன்னு எந்திரிச்சு வந்துச்சு.

பிள்ளை அதப் பாத்துச் சிரிக்குது.

"சாமி... தாயத்த எம் பிள்ளைக்குக் கட்டிருங்க."

சாமி பையில இருந்து ஒரு முழுக்கைச் சட்டை, முகமூடி, முழங்கை வரைக்கும் வர்ற ரப்பர் கிளவுசு எல்லாத்தையும் எடுத்து வச்சாரு.

"பிள்ளைக்கு எதுக்குடா? நீ கைய நீட்டு."