எல்லாக் குழுவுக்கும் ஒரே தலைவர்

ஆசிரியர் கூட்டத்தில் துணைவேந்தர் மாசிலாமணி மேசையைத் தட்டினார். "இனி எல்லாக் குழுவுக்கும் நானே தலைவர். மறுப்பு இருக்கா?"

போன மாதம் மறுத்தவருக்கு வேலை போயிருந்தது. தற்காலிக விரிவுரையாளர் செண்பகவல்லி எழுந்தாள்.

"கட்டடக் குழுவுக்குமா சார்?"

"அதுக்கும்தான்!"

"ரொம்ப நிம்மதி சார். விடுதிக் கூரை விழுந்து மாணவர்கள் அடிபட்ட வழக்குல, திங்கட்கிழமை குழுத் தலைவர் கோர்ட்டுல நிக்கணும். நீங்களே போயிடலாம்."

துணைவேந்தர் மேசையிலிருந்து கையை எடுத்தார். "அது... எல்லாருக்கும் கூட்டுப் பொறுப்பும்மா."

"பழியில எங்களுக்குப் பங்குன்னா, முடிவுலயும் பங்கு வேணுமே சார்?"

மூத்த பேராசிரியர் ஒருவர், "வாக்கெடுப்பு நடத்துங்க!" என்று குரல் கொடுத்தார். எல்லாக் குழுவுக்கும் துணைவேந்தரே தலைவர் என்ற தீர்மானத்துக்கு ஆதரவாக ஒரு கைகூட உயரவில்லை.